தொடப் பயந்த கைகள்

போன வாரம் டாக்டர் என்னைக் காபியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். ஒரே நாளில், அடியோடு! மூன்றாம் நாள் மண்டை பிளந்தது, கை நடுங்கியது, தபால்காரரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். என் மனைவி சரசு அரை டம்ளர் காபியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"ஒரேடியா வுட்டா இப்படித்தான் ஆவும். நாம பாக்காததா?" என்றாள்.

பார்த்திருக்கிறோம். ஆறு வருஷத்துக்கு முன்னால், எங்கள் மகள் தேவியிடம்.

அப்போது அவளுக்கு நாலு வயது. எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்தில், களத்துமேட்டில் விளையாடும்போது காலில் கருவேல முள் ஏறியது. ஊக்கால் முள்ளை எடுத்து, மஞ்சள் வைத்துக் கட்டினோம். தடுப்பூசி? அந்த யோசனையே வரவில்லை. படித்தவன் என்று பெயர் எனக்கு! பத்தாம் நாள் தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்தது. ரண ஜன்னி, டெட்டனஸ் என்பார்களே, அதுதான். மெட்ராஸுக்கு ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஓர் இருட்டறை. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. வெளிச்சம் பட்டால், சத்தம் கேட்டால், யாராவது தொட்டால்கூடக் குழந்தைக்கு இழுத்துக்கொள்ளும். அதனால் மருந்து கொடுத்துத் தூக்கத்திலேயே வைத்திருந்தார்கள். தொடாதீர்கள், பேசாதீர்கள்... எங்களுக்குச் சொன்னது அவ்வளவுதான். கண்ணாடி வளையலைக் கழற்ற சரசுவுக்கு மனமில்லை — தாலி கட்டிக்கொண்டவள் கழற்றலாமா? சத்தம் வராமலிருக்க அதன் மேல் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். மூன்று வாரம், பெற்ற பிள்ளையை ஓரடி தள்ளி நின்றே பார்த்தோம்.

பிறகு இழுப்பு நின்றது. மருந்தைப் பாதியாகக் குறைத்தார்கள். வீட்டுக்குப் போகப் போகிறோம் என்று நினைத்தேன். மறுநாளே... உடம்பெல்லாம் நடுக்கம், வேர்வை, ஓயாத அழுகை. எங்களை யாரென்றே தெரியாத பார்வை.

ஜன்னி திரும்பிவிட்டது என்றே முடிவு கட்டினேன். இனிக் குழந்தை பிழைக்காது என்று நினைத்தேன். நர்ஸ் எஸ்தர் சிஸ்டரிடம் போய், பழையபடி முழு ஊசியைப் போட்டுத் தூங்க வையுங்கள் என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "வாயைத் தொறந்து அழுவுது பாருங்க சார். ஜன்னின்னா தாடை இப்படித் தொறக்குமா? இது மருந்து கேக்குற அழுகை. நாமதான பழக்கினோம்... நாமதான் மெள்ள மறக்க வைக்கணும்."

பெரிய டாக்டரிடம் அவரே போய்ப் பேசினார். குறைத்ததில் கொஞ்சத்தைத் திரும்பக் கொடுத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை சிறுகச் சிறுகக் குறைப்பது என்று ஆயிற்று. நடுக்கம், வேர்வை, கொட்டாவி — எல்லாவற்றையும் வேளைக்கு வேளை ஒரு நோட்டில் குறித்தார். இது பசி அழுகையா, வேறா என்று சரசுவைக் கேட்டே எழுதினார். பெற்றவளுக்குத் தெரியாத அழுகை உண்டா?

ஆனால் அந்தப் பெற்றவள், நடுங்கும் குழந்தையை விட்டு அதே ஓரடி தள்ளித்தான் நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு! எனக்கு அது கண்ணில் படவே இல்லை. சிஸ்டர்தான் கவனித்தார்.

"தூக்கி மடியில போட்டுக்கம்மா. இப்ப தொடலாம்."

"தொட்டா இழுத்துக்குமே சிஸ்டர்... பயமா கீது."

சிஸ்டர் அவள் வளையல் துணியை அவிழ்த்தார். அந்தக் கையைப் பிடித்துக் குழந்தையின் முதுகில் வைத்தார். தேவி திடுக்கிட்டாள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இழுக்கவில்லை. சற்று நேரத்தில் அழுகை விம்மலாக இறங்கியது. மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சரசு அப்போதுதான் அழுது தீர்த்தாள். நானும்தான்.

நான் கேட்ட முழு ஊசி குழந்தைக்காகவா? அவள் படும் பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை என்பதற்காகவா? இன்றும் நிச்சயமாகச் சொல்ல வரவில்லை. நோயாளி தூங்கினால் பக்கத்தில் இருப்பவனுக்கு நிம்மதி. பாதி வைத்தியத்தை நாம் அந்த நிம்மதிக்காகத்தான் கேட்கிறோமோ என்னவோ!

சிறுகச் சிறுகக் குறைக்கத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள் மருந்து சுத்தமாக நின்றது. அன்று சாயங்காலம் தேவி இட்லி கேட்டாள்.

இப்போது பத்து வயதுப் பெண். அவள் முதுகில் ஒரு கையை வைக்காமல் சரசுவுக்குத் தூக்கம் வராது. "தள்ளிப் படும்மா, வேர்க்குது" என்று மகள் தினமும் முணுமுணுக்கிறாள்.

இந்தப் பழக்கத்தை எப்படிக் குறைப்பது என்று சிஸ்டர் சொல்லித் தரவில்லை. நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.