கிருஷ்ணாயில் மாப்பிள்ளை

அந்த மடக்குக் கத்தியைத் திறக்க நான் கடைசியாக எடுத்த ஆயுதம் என் முன்பல். கட்டைவிரல் நகம் அதற்கு முன்பே தோற்று, ஓரம் பிய்ந்து, விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. காஞ்சிபுரத்தில் பங்குனித் திருவிழாக் கூட்டத்தில், நடைபாதையில் தார்ப்பாய் விரித்துப் பூட்டும் டார்ச்சும் விற்றுக்கொண்டிருந்தவரிடம் வாங்கியது. கறுப்புப் பிடி, பித்தளை ஆணி, முகம் பார்க்கலாம் போலிருந்த தகடு. அவர் கையில் அது டக்கென்று திறந்தது, டக்கென்று மூடியது. என் கைக்கு வந்ததும் கோபித்துக்கொண்ட மாமியார் மாதிரி வாயை இறுக்கிக்கொண்டது. அவர் ஆட்டிக் காட்டியது நாளெல்லாம் திறந்து மூடிப் பழகிய கத்தி, எனக்குக் கொடுத்தது அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கத்தி என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் என் புத்தியில் ஏறியது.

எனக்கு எதற்குக் கத்தி என்று கேட்பீர்கள். தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு ஜவுளிக் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலைத் தவிர வேறு இரும்பு பிடித்தறியாதவன். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மாமனாருக்குக் காவாந்தண்டலம் பக்கம், செய்யாற்றங்கரையில் மணல் பாங்கான கொல்லை. தையில் விதை போட்டுப் பங்குனி, சித்திரையில் தர்பூசணி எடுப்பார். அந்த ஊரில் பழம் விற்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பழத்தைப் பார்க்க வேண்டும் என்று வியாபாரி கை காட்டுவார். அதை முக்கோணமாகக் கீறி, துண்டை உருவி அவர் கையில் கொடுப்பது கொல்லைக்காரர் வீட்டு ஆள். வெளிக் கத்தி கொல்லைக்குள் வரக்கூடாது. தேர்வு உன்னுடையது, கீறுவது என்னுடையது, இரண்டு பேருக்கும் சந்தேகமில்லை என்று அர்த்தம். வீட்டில் புது மாப்பிள்ளை இருந்தால் அந்த வருஷம் அவன்தான் கீற வேண்டும். அது அவனுக்குச் செய்யும் மரியாதை.

“ஞாயித்துக்கிழம வியாபாரி வராரு. நீங்கதான் வந்து கீறிக் குடுக்கணும் மாப்ள” என்று மாமனார் கடை வாசலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. என் எதிரில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு. ஒல்லியான, நெடுநெடுவென்ற மனிதர். பேச்சை அளந்துதான் விடுவார். பழம் எப்போது பறிக்கலாம் என்று கேட்டால், வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் கொல்லைக்கு நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். ஒருமுறை லாரியில் பாதிச் சுமை ஏறிய பிறகு வியாபாரியைத் தானே கூப்பிட்டு, “அந்த மூலையில தண்ணி நின்னுப்போச்சு. அங்க இருக்கற பழம் சப்புனு இருக்கும், ஏத்தாத” என்று சொன்னதை என் மனைவி எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே பெருமையாகச் சொல்லியிருந்தாள். சென்னையிலிருந்து வரும் அந்த வியாபாரி வருஷா வருஷம் வேறு கொல்லைகளைத் தாண்டிக்கொண்டு இவரிடம் வருவதற்கு அதுதான் காரணம். பழத்தில் ஊசி போட்டுச் சிவப்பேற்றுகிறார்கள் என்று பட்டணத்தில் வதந்தி கிளம்பியிருந்த காலம். மாமனாரின் வாய் வார்த்தைதான் அந்தக் கொல்லைக்கு வேலி.

இப்படிப்பட்ட மனிதரின் கொல்லையில், வீட்டு அரிவாளால் ஒழுங்காகக் கீறிக் கொடுத்துவிட்டு வருவதற்கு எனக்கு என்ன கேடு? இல்லை. மாப்பிள்ளை இடுப்பிலிருந்து கத்தியை எடுக்க வேண்டும், ஒற்றைக் கையால் டக்கென்று விரிக்க வேண்டும், லோடு ஏற்றும் ஆட்கள் ஒரு நிமிஷம் வேலையை நிறுத்திப் பார்க்க வேண்டும். என் கற்பனையில் இதற்குப் பின்னணி இசைகூட இருந்தது.

அந்த வாரம் முழுக்கத் திறந்து மூடிப் பழக்கினேன். தேங்காய் எண்ணெய் விட்டேன். அது கடையின் பஞ்சுத் தூசியை எல்லாம் அழைத்துவந்து ஆணியைச் சுற்றிக் குடியமர்த்தியது. கத்தி முன்னைவிட இறுகியது. கொதிக்கும் நீரில் போட்டேன். பல்லால் இழுத்தேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மனைவி பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இன்னாங்க, நீங்க அத்தத் தொறக்கறதுக்குள்ள எங்கப்பா கொல்லையில பழம் தானா வெடிச்சிடும் போல கீதே.”

ஞாயிற்றுக்கிழமை காலை மாமனார் வீட்டுப் பின்கட்டில் எனக்கு ஞானம் பிறந்தது. மண்ணெண்ணெய். எங்கள் பக்கத்தில் அதற்குக் கிருஷ்ணாயில் என்று பேர். ஸ்டவ்வுக்கு வைத்திருந்ததில் ஒரு டம்ளர் சாய்த்து, கத்தியை அதில் முக்கி வைத்துவிட்டு நாஷ்டாவுக்கு உட்கார்ந்தேன். இட்லி முடித்து வந்து எடுத்தால், டக்! ஒற்றைக் கட்டைவிரலுக்கு வாய் திறந்தது. கோழிகளுக்கு எதிரில் நின்று திரும்பத் திரும்ப விரித்துக் காட்டினேன். தோள் துண்டால் துடைத்து இடுப்பில் செருகினேன். “நாத்தம் கொமட்டுது, கைய கழுவினு போங்க” என்றாள் மனைவி. சோப்புப் போட்டுக் கை கழுவினேன். கத்தியைக் கழுவவில்லை. புதுக் கத்தியில் தண்ணீர் பட்டால் துரு பிடிக்கும் என்ற அறிவு எனக்கு இருந்தது.

கொல்லையில் லாரி நின்றது. பறித்து வைத்திருந்த பழம் கூடை கூடையாக ஏறிக்கொண்டிருந்தது. வியாபாரி பெரிய தொப்பைக்காரர், வெள்ளை வேட்டி. பாத்தி நடுவில் நடந்துபோய் ஒரு பழத்தைக் காலால் தொட்டுக் காட்டினார். மாமனார் என்னைப் பார்த்து, “கீறுங்க மாப்ள” என்றார். அவர் முகத்தில் அப்போதிருந்த சிறு சிரிப்பு எனக்கு இன்னும் தெரிகிறது. நான் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தேன். டக்கென்று விரித்தேன். ஏற்றும் ஆட்கள் உண்மையிலேயே நின்று பார்த்தார்கள். கீறினேன். உள்ளே ரத்தச் சிவப்பு. கத்தி முனையில் துண்டைக் குத்தி நீட்டினேன்.

வியாபாரி கடித்தார். உடனே துப்பினார்.

“இன்னாண்ணே இது? இன்னா மருந்து அடிச்ச?”

“மருந்தா? பிஞ்சு வுட்டதுலருந்து ஒண்ணுமே அடிக்கல” என்றார் மாமனார்.

“வேற காட்றேன், கீறு.”

வேறு பழம். மறுபடியும் நான், மறுபடியும் அதே டக். இம்முறை அவர் முகர்ந்தவுடனேயே துண்டை வீசிவிட்டார். “கொல்ல பூராவும் இப்பிடித்தான் கீதா? பட்டணத்துல இத்த வாங்கித் துன்னுட்டு எவனுக்காவது பேதியாச்சுன்னா என்னப் புடிச்சி உள்ள போடுவான். நான் வேற கொல்ல பாத்துக்கறேன்.” ஆட்களைப் பார்த்துக் கையசைத்தார். ஏற்றியிருந்த கூடைகளை இறக்கச் சொல்லும் கையசைப்பு.

மாமனார் குனிந்து அந்தத் துண்டை எடுத்து நாக்கில் வைத்தார். அவர் கண் என் கத்திக்கு வந்தது. ஒரு கணம். பிறகு விலகிவிட்டது. எனக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. காலையிலிருந்து அந்த நெடியிலேயே நின்ற மூக்கு அது. அதற்கு எல்லாமே பழ வாசம்தான்.

“என் தப்பு வியாபாரி” என்றார் மாமனார். “காலையில ஸ்டவ்வுக்கு நாந்தான் கிருஷ்ணாயில் ஊத்தினேன். அந்தக் கையோடவே வந்து பழத்த எல்லாம் தடவினு இருந்தேன். அதான் ஏறினுகீது.”

சொல்லத் தெரியவில்லை அவருக்கு. குரல் உடைந்து, பள்ளிக்கூடப் பிள்ளை வாத்தியாரிடம் வயிற்றுவலி என்று சொல்வது மாதிரி இருந்தது. வியாபாரி அவரையே பார்த்தார். “அண்ணே, நாத்தம் தோல்ல இல்ல. உள்ள கீது. கையால தடவினா உள்ளயா பூடும்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கத்தியை மூக்கருகே கொண்டுபோனேன். பிடியின் பள்ளத்திலிருந்து கிருஷ்ணாயில் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. மனிதர் எனக்காகத்தான் நின்று உளறுகிறார். புது மாப்பிள்ளையின் முகம் பத்துப் பேர் எதிரில் விழுந்துவிடக்கூடாது என்று.

ஒரு காரியம் செய்தேன். எல்லோரும் பார்க்க அந்தத் தகட்டை ஒரு பக்கம் முழுக்க நக்கினேன். கண்ணில் நீர் வந்தது. “கொல்லையில ஒண்ணுமில்ல வியாபாரி. கத்தியிலதான் கீது. தொறக்க மாட்டேன்னுச்சி, காலையில ஊற வெச்சேன்” என்றேன்.

ஏற்றும் ஆட்களில் ஒருவன், “அய்யே, கிருஷ்ணாயில் மாப்ளடா!” என்று கத்தினான். கொல்லை முழுக்கச் சிரிப்பு. வியாபாரியும் தொப்பை குலுங்கச் சிரித்தார். தானே ஒரு பழத்தை எடுத்துத் தரையில் போட்டு, பிளந்த வாயில் கை விட்டு அள்ளித் தின்றார். “கல்கண்டாட்டம் கீது, ஏத்துங்கடா” என்றார். பழம் பட்டணம் போயிற்று. மாமனாரின் வெள்ளாமை பிழைத்தது. எனக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் பேரும் கிடைத்தது.

லாரி கிளம்பும்போது வியாபாரி மாமனாரின் தோளைத் தட்டினார். “மாப்ள பண்ணது பரவால்லண்ணே, சின்னப் பையன். ஆனா உன் வாயில அப்பிடி ஒரு பேச்சு வரும்னு நான் நெனைக்கல.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாமனார் தலைத் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். நானும் சிரித்தேன். எனக்கு அது வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது.

அடுத்த வருஷம் நான் வெறும் பார்வையாளன். வியாபாரி வந்தார், பழத்தைக் காட்டினார். மாமனார் வீட்டு அரிவாளோடு முன்னால் வந்தார். வியாபாரி தன் மடியிலிருந்து ஒரு கத்தியை எடுத்து, “இருக்கட்டும்ணே, நீ இன்னாத்துக்குக் குனியற” என்று தானே குனிந்து கீறினார். மரியாதையாகத்தான் சொன்னார். மாமனார் அரிவாளைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு எந்த வருஷமும் அவர் அதை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வரவில்லை.

இதெல்லாம் நடந்தும் நான் என்ன செய்தேன் என்றால், கதை சொன்னேன். ஜவுளிக் கடையில், காதுகுத்தில், சீமந்தத்தில், மாமனார் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன். நகம் பிய்ந்ததைச் சொல்வேன், கோழிகளைச் சொல்வேன், நாக்கை நீட்டிக் காட்டுவேன். ஆனால் கூட்டம் விழுந்து விழுந்து சிரிப்பது எல்லாம் ஒரே இடத்தில்தான். மாமனார் மாதிரிக் கழுத்தை நீட்டி, குரலை உடைத்து, “என் தப்பு வியாபாரி, நாந்தான் ஊத்தினேன்” என்று நான் பேசும் இடம். அப்படியே உரித்துவைப்பேன். அவரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். லேசாகச் சிரிப்பார். என்னை ஒருநாளும் ‘போதும்’ என்று சொன்னதில்லை. மாப்பிள்ளையை அப்படிச் சொல்லமாட்டார்.

அவருடைய கருமாதி அன்று சாப்பாடு முடிந்து உறவுக்காரர்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். துக்கம் கொஞ்சம் இறங்கட்டுமே என்று யாரோ என்னைத் தூண்டிவிட்டார்கள். எனக்குத் தூண்டுதல் தேவையா? கிருஷ்ணாயில் கதையை எடுத்தேன். அவர் குரலில் அவர் பேச்சைப் பேசினேன். பந்தல் சிரித்தது. சிலர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இலை எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள்.

“அதையும் சேத்து சொல்லுங்க” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. “அடுத்த வருசம் வியாபாரி சொந்தக் கத்தி கொண்டாந்தாரே, அத்த. எங்கப்பா ஆயுசுக்கும் சொன்னது அந்த ஒரு பொய்தான். அதுக்கும் நல்லா சிரிப்பாங்க.”

இலைகளோடு பின்பக்கம் போய்விட்டாள். பந்தலில் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நான் காலடியில் கிடந்த வெற்றிலைக் காம்பைப் பொறுக்கிப் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஆயிரம் பேர் எதிரில் கத்தியை நக்குவது ஒன்றுமே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. அது என் மானம். நான் எவ்வளவு வேண்டுமானாலும் விற்றுத் தின்னலாம். இத்தனை வருஷமாக நான் விற்றுத் தின்றது வேறொருவருடையதை. அவர் அதை எனக்காகக் கொடுத்தபோது கைதட்டல் எதையும் கேட்கவில்லை. கைதட்டல் முழுக்க நான்தான் வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் உத்திரமேரூரில் ஒரு கல்யாணம். சத்திரத்து மாடியில் மனைவி வழிப் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “மாமா, கிருஷ்ணாயில் கத சொல்லு மாமா.” மனைவி இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். மறுத்தால் அதற்கும் காரணம் கேட்பார்கள். சொன்னேன். நகம், பல், கோழி, துப்பல் எல்லாம் சொன்னேன். வியாபாரி இரண்டாவது துண்டை வீசினார் என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு வரியைத் தாண்டி, நேரே கத்தியை முகர்ந்தேன், நக்கினேன், பழம் லாரியில் ஏறியது என்று முடித்தேன்.

“அவ்ளோதானா?” என்றான் ஒரு பையன். “எங்க தாத்தா இன்னா சொன்னாரு?”

“அவரு ஒண்ணும் சொல்லல” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து ஐஸ்கிரீம் வைத்திருந்த பக்கம் போனார்கள்.