ஒரே திருகு வைத்த ஆம்ப்ளிஃபயர்

நான் நாலாம் வகுப்புப் படித்தபோது எங்கள் வீட்டுக் கூடத்து அலமாரி முழுக்க அப்பாவின் பாட்டுப் பெட்டிகள்தான். டேப் ஒன்று, சிடி பிளேயர் ஒன்று, ரேடியோ தனி, ஆம்ப்ளிஃபயர் இரண்டு, பாட்டுக்கேற்பச் சிவப்பு விளக்குகள் ஏறி இறங்கும் ஈக்குவலைசர். பெருமாட்டி கிராமத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்த அப்பா, காய் விற்ற கையோடு கோயமுத்தூர் போய் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை அவை. சுவிட்சுகளை வரிசை தவறாமல் போட வேண்டும். தவறினால் ஸ்பீக்கர் 'டம்' என்று அதிரும். அதற்குப் பயந்தே அம்மா அந்தப் பக்கம் போகமாட்டாள். பாட்டென்றால் அவளுக்கு உயிர். ஆனாலும் அப்பா தோப்பிலிருந்து வந்தால்தான் வீட்டில் பாட்டு.

அந்த வருஷம் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி கூட்டிப்போனார்கள். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. அரிசியில் கல் பொறுக்கும் வேலை என் தலையில் விழுந்ததில் எனக்குக் கோபம் மட்டும் இருந்தது.

ஒருநாள் அப்பா என்னை வேலந்தாவளத்துக்குக் கூட்டிப்போனார். பழகிய கடைக்கார பாய் புதுப்புது ஆம்ப்ளிஃபயர்களை எடுத்து வைத்தார். நீல வெளிச்சம் ஓடும் ஒன்றைப் பார்த்து நான் சொக்கிப்போனேன். அப்பாவோ கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றின் முகப்பையும் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, கண்ண மூடிட்டு சாமான் வாங்கறது நீங்க ஒருத்தருதானுங்க" என்று பாய் சிரித்தார்.

"பொத்தான் எல்லாம் ஒரே மாதிரி இருக்குதுங்க பாய். ஊட்ல அவ தடவிப் பாத்தே போடோணும்."

பாய் சிரிப்பை நிறுத்தினார். உள்ளே போய் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். முகப்பில் பெரிய திருகு ஒன்று மட்டும். திருப்பினால் 'டக்' என்று உயிர் வரும். மேலும் திருப்பினால் சத்தம் கூடும். பென்டிரைவைச் செருகி வைத்துவிட்டால் பாட்டு தானாகப் பாடும். விலையும் எங்களுக்குத் தோதாக இருந்தது.

"இது வேண்டாங்கப்பா. லைட்டே இல்ல" என்றேன்.

"பாட்டு காதுலதான கண்ணு கேக்கோணும்" என்றார் அப்பா. பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பீக்கர் இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கழற்றினார். அந்தச் சிவப்பு விளக்குகளைத் துணியால் துடைத்து அட்டைப் பெட்டிக்குள் வைத்தார். அம்மாவின் கையைப் பிடித்துத் திருகின் மேல் வைத்தார்.

"டம்முனு அடிக்காதுங்களா?"

"அடிக்காது. திருப்பு."

பாட்டு வந்தது. அம்மா அதைக் குறைத்தாள், கூட்டினாள், நிறுத்தினாள், மறுபடியும் போட்டாள்.

இன்று அம்மாவுக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். ஆனால் பாட்டுக்காக அவள் யாரையும் கூப்பிட்டதில்லை. அதற்காகவே அப்பாவுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்தப் பெட்டி வந்த மறுநாள் சாயங்காலம், அம்மா தானே பாட்டைப் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தோப்பிலிருந்து வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். நான் கூப்பிட்டதற்கு, பேசாதே என்று கையைக் காட்டினார். பாட்டு முடியும்வரை அவர் அசையவில்லை. காலில் சேறு இருப்பதால்தான் உள்ளே வராமல் நிற்கிறார் என்று நினைத்து, ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோய் அவர் காலடியில் வைத்தேன்.