ஏழாவது கட்டத்தில் ஒரு டிக்

ஆஸ்பத்திரியோடு சேர்ந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குக்கர் என்பார்கள். கோபம் வந்தால் அவளுக்கு மூக்கு வழியாக ஒரு சீறல் வரும், அதனால் வந்த பெயர். "இன்னைக்கு எத்தனை விசில்?" என்று பக்கத்து மேசைக்காரர் காலையிலேயே கேட்பார். மூன்று விசில் வந்துவிட்டால் அவள் அறைப் பக்கம் யாரும் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள்.

புற்றுநோய்க் கட்டிகளின் மரபணுவைப் படிப்பது அவள் வேலை. நம் உடம்பில் ஏறக்குறைய எல்லாச் செல்லுக்குள்ளும் கோடிக்கணக்கான எழுத்துகளில் ஒரு நீளமான குறிப்பு இருக்கிறது. கட்டிக்குள் அதில் சில எழுத்துகள் மாறியிருக்கும். சில இடங்களில் அறுந்துபோய் வேறு எதனோடோ ஒட்டிக்கொண்டிருக்கும். எது எங்கே மாறியது என்று கம்ப்யூட்டரில் தேடிக் கண்டுபிடித்தால், எந்த மருந்து கேட்கும் என்று சில சமயம் சொல்லலாம். அதுகூட, ஒருவரிடம் கண்டதை இன்னொருவரிடம் கண்டதோடு ஒப்பிட்டால்தான் முடியும். தனியாக ஒரு ஆளின் கட்டியை வைத்துக்கொண்டு எவ்வளவு முறைத்துப் பார்த்தாலும் அது வாய் திறக்காது.

வீட்டில் யாருக்கோ புற்றுநோய் வந்ததால்தான் அவள் இந்தத் துறைக்கு வந்தாள் என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. லாரி எடை மேடையில் வேலை பார்த்த அப்பாவுக்கு அவள் மூன்றாவது பெண். படித்து முடித்ததும் இரண்டு இடத்தில் வேலை கிடைத்தது. ஒன்றில் தெருமுனைக்கே வேன் வரும். வேன் வந்த இடத்துக்குப் போனாள். பதினோரு வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் அவளும் குழுவினரும் நானூற்றுப் பன்னிரண்டு பேருடைய கட்டிகளைப் படித்திருந்தார்கள். அத்தனையும் பூட்டிய ஒரு சர்வரில் தூங்கிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் வேறு ஊர் டாக்டர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. அவருடைய நோயாளி ஒரு மெக்கானிக், வயது முப்பத்து நாலு. பித்தக்குழாயில் கட்டி. அதில் இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. வேறொரு புற்றுநோய்க்குத் தரும் மாத்திரை இதற்குக் கேட்குமா, உங்களிடம் இதேபோல் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார்.

இருந்தார். நானூற்றுப் பன்னிரண்டில் ஒரே ஒருவர், ஒரு பஸ் கண்டக்டர். அந்த மாத்திரையைத்தான் சாப்பிட்டார், ஐந்து வருஷமாக நடமாடிக்கொண்டிருக்கிறார். ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் ஒரு வரி வெளியே போவதற்கும் இயக்குநர் கையெழுத்து வேண்டும். இயக்குநர் மறுத்துத் தலையை ஆட்டினார். நோயாளிகள் சம்மதம் தரவில்லை, அவர்களுடைய அந்தரங்கத்தில் நாம் விளையாட முடியாது என்றார். அவளும் திரையில் பார்த்தாள். 'பிறரோடு பகிரச் சம்மதமா' என்ற இடத்தில் கண்டக்டருக்கு 'இல்லை' என்று இருந்தது. எல்லோருக்குமே இல்லைதான். சரி, அவர்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டாள்.

டாக்டர் இரண்டாவது முறை எழுதினார். ஏழு மாதம் கழித்து மூன்றாவது கடிதம் வந்தது. இனி தேவையில்லை, நன்றி என்று மட்டும் இருந்தது.

அன்றைக்கு விசில் வரவில்லை. பக்கத்து மேசைக்காரர் அதற்குத்தான் பயந்தார்.

சாயங்காலம் கணவனின் செல்போன் ரிப்பேர் கடையில் போய் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். அவன் ஒரு போனின் முதுகைக் கழற்றியபடியே கேட்டான்.

"நானூத்திப் பன்னெண்டு பேர்ல ஒருத்தர்கூடவா சரின்னு சொல்லல?"

"ஒருத்தரும் இல்ல."

"நம்பவே முடியல. என் கடைக்கு வர்றவங்க போன்ல என்ன கேட்டாலும் படிக்காமலே ஓகே, ஓகேன்னு தட்டிட்டுப் போறாங்க. உங்க ஆஸ்பத்திரிக்கு மட்டும் அப்படி உஷாரான ஆளுங்களா வர்றாங்க?"

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அது முள் மாதிரித் தைத்துவிட்டது.

மறுநாள் காலை அவள் நேராகக் கீழ்த்தளத்துப் பதிவறைக்குப் போனாள். அங்கே இருந்த பதிவறை அக்கா, யாரும் எட்டிக்கூடப் பார்க்காத இடத்துக்கு ஒரு ஆள் வந்ததே என்று பெட்டிகளைத் தானே இறக்கிக் கொடுத்தார். நோயாளிகள் கையெழுத்துப் போட்ட காகிதப் படிவங்கள். மூன்றாவது பக்கத்தில் ஏழாவது கட்டம்: என் பெயரை நீக்கிவிட்டு, என் தகவலை எந்த ஆராய்ச்சியாளருக்கும் தரலாம்.

டிக். அடுத்ததிலும் டிக். நடுங்கின கை போட்ட டிக், பேனா எழுதாமல் நாலு தடவை கிறுக்கின டிக், காகிதமே கிழியும்படி அழுத்தின டிக். கண்டக்டர் பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தார்: 'எல்லாருக்கும் குடுங்க. யார்கிட்டயும் டிக்கெட் கேக்காதீங்க.'

மூன்று நாள் உட்கார்ந்து எண்ணினாள். முந்நூற்றுத் தொண்ணூற்றொரு பேர் சம்மதித்திருந்தார்கள்.

பதிவறை அக்காதான் விளக்கினார். ஆறு வருஷத்துக்கு முன்னால் புது மென்பொருள் வந்தபோது, அந்த இடத்தில் 'இல்லை' என்று அதுவே போட்டுக்கொண்டு வந்தது. பெயர், வயது, நோய் மட்டும் சீக்கிரம் ஏற்றுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று மேலிடத்தில் சொன்னார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை. ஆள் போதாமல் ஆராய்ச்சிக்காரர்களும் உட்கார்ந்து ஏற்றினார்கள்.

அவள் கண்டக்டரின் படிவத்தைத் திருப்பினாள். பின்பக்கம், ஏற்றியவர் என்ற இடத்தில் இருந்தது அவளுடைய சின்னக் கையெழுத்து.

அதுவரை இருந்த கோபத்துக்கு ஒரு முகம் இருந்தது. இப்போது அதில் பாதி அவளுடைய முகம்.

படிவங்களோடு இயக்குநர் அறைக்குப் போனாள். அவர் இரண்டைப் புரட்டினார். ஆச்சரியப்படவே இல்லை. அவருக்கு இது முன்பே தெரியும் என்று அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இதை எதுக்கு இப்பக் கிளறுறீங்க? நம்ம கட்டுரை வெளிய வரட்டும், அப்புறம் திறந்துவிடலாம்."

"நாலு வருஷமா எழுதிட்டே இருக்கோம் சார். அந்த மெக்கானிக்கால நாலு வருஷம் காத்திருக்க முடியல."

"இது உங்க டேட்டா இல்லைம்மா."

"உங்களோடதும் இல்ல சார்."

மறுநாள் சர்வருக்குள் போக அவளுடைய கடவுச்சொல் வேலை செய்யவில்லை.

பதிவறை அக்கா ஒரு பச்சைப் படிவத்தை எடுத்து நீட்டினார். நோயாளி தன்னுடைய பதிவுகளைத் தானே கேட்டு வாங்கும் படிவம். காப்பீட்டுக்காக யாராவது எப்போதாவது கேட்பார்கள். பத்து நாளுக்குள் கொடுத்தே ஆக வேண்டும், இயக்குநர் கையெழுத்து தேவையே இல்லை.

அந்த வாரம் கண்டக்டர் ஆறுமாதப் பரிசோதனைக்கு வந்தார். நடைபாதை பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தான் செய்த தப்பையும் சேர்த்து எதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"அந்தப் பையன் போயிட்டானாம்மா?"

"ஆமாங்க."

"நான் குடுத்ததை நீங்க பூட்டி வெச்சுக்கிட்டீங்க. வண்டி காலியா இருக்கு, ஏறவந்தவனை வாசல்லயே நிறுத்திட்டீங்க."

அவள் பச்சைப் படிவத்தை நீட்டி, இருந்த வழியைச் சொன்னாள். அவர் அதைப் பிடுங்கி நிரப்பினார். பிறகு எழுந்து, முப்பது வருஷம் பஸ்ஸில் கத்திப் பழகிய குரலில், காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி விஷயத்தைச் சொன்னார். காவலாளி வந்து அடக்கப் பார்த்தார். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று அவரையே விரட்டினார் கண்டக்டர். மத்தியானத்துக்குள் பச்சைப் படிவம் தீர்ந்துபோய், பதிவறை அக்கா ஜெராக்ஸ் எடுக்க ஓடினார்.

பத்தாவது நாள் கண்டக்டர் கையில் அவருடைய மரபணுப் பதிவுகள் அடங்கிய டிஸ்க் கிடைத்தது. நேராக அவளுடைய கணவனின் கடைக்குப் போய், நோயாளிகளே தங்கள் தகவலைத் தரக்கூடிய ஒரு பொதுத்தளத்தில் அதை ஏற்றச் சொன்னார். ஏறி முடியும்வரை ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அவளைப் பதிவறைக்கு மாற்றி உத்தரவு வந்தது. தண்டனையாம். ஏழாவது கட்டத்தை முதலிலிருந்து சரியாக ஏற்றத் தொடங்கினாள், தன் கையெழுத்து இருந்த படிவங்களிலிருந்து. ஆனால் அதற்கு முன்னால், கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டு, வேறு ஊர் டாக்டருக்குப் பதில் எழுதினாள். மன்னிப்பு என்று எழுதி அடித்தாள். அது அவளுக்கே ஒட்டவில்லை. கடைசியில் இவ்வளவுதான் அனுப்பினாள்:

'ஆமாம், எங்களிடம் ஒருவர் இருக்கிறார். அந்த மாத்திரை அவருக்குக் கேட்டது. இன்று காலைகூட இங்கே வந்து எங்களைத் திட்டிவிட்டுப் போனார்.'