குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்

“காலேஜுல இதுக்கும் பரீட்சை வச்சாங்களா?” என்று சித்தப்பா கேட்டதும் டிராக்டர் பெட்டியில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அம்மாவும்தான்.

குன்னம் பக்கம் சின்ன வெங்காயம் பிடுங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டி ஓட்டியவர் சித்தப்பா. ஒரு வளைவைத் தாண்டியதும் பெட்டியின் அச்சு முறிந்து, பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. “எல்லாரும் எறங்கிக் காட்டுக்குள்ள போயிடுங்க, பின்னாடி வர்றவனுக்கு நம்ம வண்டி தெரியாது” என்று நான் சொன்னதற்குத்தான் அந்தக் கேள்வி.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அரியலூரில் கல்லூரி, தினமும் இதே ரோட்டில்தான் பஸ். சுண்ணாம்புக்கல் லாரிகள் அந்த வளைவில் எப்படிப் பறக்கும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தவள்.

சித்தப்பா சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு கல்லை வைத்தார். இறங்கிய பெண்கள் வெயில் தாங்காமல் பெட்டியின் அடியிலேயே போய் உட்கார்ந்தார்கள்.

“அம்மா, வெளிய வா.”

“இத விட்டா நெழலு எங்கடி இருக்கு? சும்மா இரு.”

கெஞ்சினேன், கத்தினேன். ஒருத்தியும் அசையவில்லை. சட்டென்று தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரோட்டோரப் பள்ளத்தைத் தாண்டி, பருத்திக்காட்டுக்குள் தள்ளி நின்ற வேப்பமரத்துக்கு ஓடினேன்.

“அடியே, குடிக்கற தண்ணிய எங்கடி தூக்கிட்டு ஓடுற?”

“தாகமெடுத்தா இங்க வாங்க!”

திட்டிக்கொண்டே வந்தார்கள். முதலில் வந்தவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். சித்தப்பா மட்டும் சக்கரத்தடியில் குந்தியிருந்தார். குடத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வேலிக்கருவைக் கிளைகளை ஒடித்து இழுத்துப் போய், வளைவுக்கு அந்தப் பக்கமே ரோட்டில் போட்டேன். கையெல்லாம் முள்.

மரத்தடிக்குத் திரும்பியதும் லாரி வந்தது. கிளைகளைக் கண்டு பிரேக் அலறியது. அந்தச் சத்தத்தில் சித்தப்பா பள்ளத்துக்குள் பாய்ந்தார். வேகம் குறைந்தும்கூட, பெட்டியை இடித்துத் தள்ளிய பிறகுதான் லாரி நின்றது. பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் பெட்டி தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

அம்மா ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தாள். எல்லோரும் இருந்தோம்.

சித்தப்பா மண்ணைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். “இப்ப என்ன செய்யணும், சொல்லு.”

“எதுத்தாப்புல வர்ற பக்கமும் கெளை போடணும், சித்தப்பா.”

அரிவாளை எடுத்துக்கொண்டு வேலிக்கருவைப் பக்கம் நடந்தார்.

அன்று மாலை ஊரெல்லாம் என் பேச்சுதான். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் நின்ற வண்டியிலிருந்து ஆட்களை இறக்க, இனிமேல் நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடப்போவதில்லை. வண்டியை ஓட்டுபவளே சொன்னால் இறங்கித்தானே ஆகவேண்டும். அடுத்த வாரமே பெரம்பலூர் டவுனில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். எல்.எல்.ஆர். வந்துவிட்டது. நேற்று இரண்டாவது கியர் போட்டேன்.