மழையில்தான் கல் தெரியும்

யாங்கோன், க்யிம்யிண்டைங் படகுத்துறை. தை மாதத்தில் யாரும் எதிர்பாராத மழை. தேநீர்க் கடையின் தார்ப்பாய்க்குள் ஒதுங்கி, நல்ல மழை என்று சும்மா சொல்லிவைக்கிறேன். கடைக்காரத் தமிழம்மாவின் முகம் சுருங்குகிறது. எல்லோரும் அவரைப் பர்மிய மரியாதை அடைமொழி சேர்த்து டோ லட்சுமி என்கிறார்கள். வடக்கே கச்சின் மலையில், சுரங்கக் கழிவைக் கொட்டிய மண்மேட்டில், அவருடைய இரண்டு மகன்களும் ஜேட் கல் பொறுக்குகிறார்கள். அங்கேயும் மழையாம்.

“மழை நாள்ல மேட்டுல ஏற மாட்டாங்கதானே?” என்கிறேன்.

“மழையிலதாங்க ஏறுவாங்க. மண்ணு கழுவினாத்தான் கல்லு பச்சையாத் தெரியும்.”

“மண் சரியாதா?”

“சரியும். அதனாலதான் ஒருத்தன் ஏறினா இன்னொருத்தன் ரூம்ல இருக்கணும்னு சத்தியம் வாங்கியிருக்கேன். புள்ளைங்க மீற மாட்டாங்க.”

பெரியவனை போனில் அழைக்கிறார். மணி அடித்து ஓய்கிறது.

“இன்னிக்கு இவன் முறை போல” என்றபடி என் முன்னால் தேநீரை வைக்கிறார்.

பிறகு சின்னவனை அழைக்கிறார். அதுவும் அடித்து ஓய்கிறது. மறுபடி பெரியவன், மறுபடி சின்னவன்.

மழைக்கு ஒதுங்கியவர்களால் கடை நிரம்பியிருக்கிறது. மூன்று பேர் தேநீர் கேட்டுக் காத்திருக்கிறார்கள். டோ லட்சுமி அடுப்பை அணைக்கிறார்.