மரவள்ளிக் குச்சியும் மாணிக்கம் வாத்தியாரும்

மாணிக்கம் வாத்தியார் இறந்த செய்தியைப் பாடாங் செராய் சாப்பாட்டுக்கடை முதலாளிதான் சொன்னார். "ஒங்க வாத்தியாரு காலையில தவறிட்டாருலா அண்ணே. நல்ல மனுசன்." வாயில் இருந்த தேநீர் கசந்தது. இறந்தவரைப் புகழ்வதுதான் முறை. அந்தப் பொய் என்னால் ஆகாது.

சிடாம் கிரிப் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் அவர் எங்களுக்குக் கற்பித்தார். "நான் சொல்றதுதான் பாடம். கேள்வி கேக்கிறவன் மக்கு" என்பார். அதுவரை இங்கிலாந்து ராஜாவை வாழ்த்திப் பாடவைத்தவர், ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்த மறுவாரமே ஜப்பான் சக்கரவர்த்திக்காகக் கிழக்கே பார்த்துக் குனியச் சொன்னார். இரண்டுக்கும் ஒரே பிரம்பு. ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை. வாத்தியார் கடைசியாக எதைச் சொன்னாரோ அதுவே உண்மை என்று நம்பினோம்.

அரிசிக்குத் திண்டாடிய காலம். பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டுக்காகப் பள்ளித் திடலில் மரவள்ளி நடும்படி உத்தரவு வந்தது. மண்வெட்டியையே தொட்டறியாத வாத்தியார் கரும்பலகையில் குச்சி வரைந்தார். தடித்த முனை மேலே, மெல்லிய முனை மண்ணுக்குள். "மேல கனம் இருந்தாத்தான் செடி நிக்கும்!"

எங்கள் எல்லார் வீட்டுக் கொல்லையிலும் மரவள்ளி இருந்தது. தடித்த முனைதான் மண்ணுக்குள் போகும் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் தலைகீழாகவே நட்டோம். வீட்டில் தெரிந்தது வீட்டோடு, பள்ளியில் சொன்னது பள்ளியோடு. படிப்பென்றால் அதுதான் என்று நினைத்திருந்தோம்.

அஞ்சலை அக்கா மட்டும் வாய் திறந்தார். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த எங்கள் லயத்திலிருந்து படிக்க வந்த ஒரே பெண்பிள்ளை. "நானும் டீச்சராவேன்லா" என்று சொல்லிக்கொண்டிருப்பார். "சார், முளை கீழ பாக்குது. இப்படி நட்டா கெழங்கு வைக்காது" என்றார். தன் வரிசையைச் சரியாகவே நட்டிருந்தார்.

வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். "நீ கெட்டிக்காரன். அதையெல்லாம் புடுங்கித் திருப்பி நடு." நட்டேன். "இவன்தான்டா மாணவன்!" என்று முதுகில் தட்டினார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பல மாதம் கழித்துத் தோண்டியபோது விரல் பருமனில் வேர்கள்தான் வந்தன. பார்வையிட வந்த ஜப்பானிய அதிகாரியிடம், "இந்தப் பொண்ணுதான் செடியப் புடுங்கிக் கெடுத்துச்சு" என்று வாத்தியார் கைகாட்டினார். அதிகாரி அக்காவை அறைந்தான். மறுநாளே அக்கா தோட்டத்தில் களை வெட்டும் வேலைக்குப் போய்விட்டார். பிறகு பள்ளி வாசலை மிதிக்கவேயில்லை.

இறுதிச் சடங்கில் என்னைப் பேச அழைத்தார்கள். அவருடைய தலைமாணவனாம்! கூட்டத்தில் அஞ்சலை அக்காவும் நின்றிருந்தார். அவரிடம் போய், "அந்த ஆளு ஒங்களுக்குச் செஞ்ச அநியாயத்த இன்னிக்கு எல்லாருக்கும் சொல்லப் போறேன்க்கா" என்றேன்.

அக்கா சவப்பெட்டியையே பார்த்துக்கொண்டு கேட்டார். "அவரு பொய் சொன்னப்ப நீ எங்க தம்பி நின்ன?"

வாத்தியாருக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

வாய்க்கரிசி போட்டுவிட்டு ஒதுங்கினேன். போய்வாருங்கள், சார். உங்கள் தலைமாணவன் இன்றும் வாய் திறக்கவில்லை.