அடி மூடிய ஸ்வெட்டர்

மார்கழி பிறந்தால் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கயிறு கட்டி ஸ்வெட்டர் தொங்கவிட்டு விற்பார்கள். நம் ஊர்க் குளிருக்குத் தலையில் ஒரு துண்டைச் சுற்றினால் போதும். இருந்தாலும் விற்கிறது. போன வாரம் அங்கே ரோஸ் கலரில் ஒன்றைப் பார்த்ததும் என் கை தானாகப் போய் எடுத்துவிட்டது. கழுத்தைப் பார்க்கவில்லை, விலை கேட்கவில்லை. கவிழ்த்து, அடிப்பக்கம் திறந்திருக்கிறதா என்று பார்த்தேன். விற்கிற வடநாட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அடி மூடிய ஸ்வெட்டரை அவர் எங்கே கண்டார்?

நான் கண்டிருக்கிறேன். கார்கில் சண்டை நடந்தபோது எனக்குக் குரும்பலூர் கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத்தில் வேலை. பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். மஞ்சள் போர்டு, ஒரு ஸ்டூல், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கூண்டு, பில் துப்புகிற ஒரு மெஷின், இவ்வளவுக்கும் மகாராணி நான். கூண்டுக்குள் காற்றாடி கிடையாது. காதலியிடம் பேசினாலும் கடன்காரனிடம் பேசினாலும் வேர்த்து ஒழுகிக்கொண்டுதான் வெளியே வருவார்கள். அந்த ரிசீவரில் தேங்காய் எண்ணெயும் பவுடரும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எனக்கு மலர்க்கொடி அக்கா ஞாபகம்தான்.

மலர்க்கொடி அக்கா பூத்துக்குப் பின்சந்தில் இருந்தாள். வீட்டுக்காரர் பட்டாளத்தில். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூத்துக்குத்தான் போன் செய்வார். அக்கா முன்கூட்டியே குளித்து, பூ வைத்து, பவுடர் பூசி வந்து உட்கார்ந்துவிடுவாள். போனில் முகம் தெரியாதே என்று ஒருநாள் சீண்டினேன்.

"அவருக்குத் தெரியாட்டி என்னடி, எனக்குத் தெரியுதுல்ல."

சண்டை ஆரம்பித்ததும் போன் நின்றுவிட்டது. ஒரு தகவலும் இல்லை. அக்கா தினமும் வர ஆரம்பித்தாள். சும்மா உட்கார முடியாமல் வயர் கூடை பின்னிக்கொண்டே இருப்பாள். மணி அடித்தால் கை நின்றுவிடும். வேறு யாருக்கோ என்று தெரிந்ததும் மறுபடி ஓடும். மனுஷன் உயிரோடு இருக்கிறாரா என்று அவள் வாய்விட்டுக் கேட்டதே இல்லை. நாங்களும் கேட்கவில்லை. பயம்தான்.

இதைப் பார்க்கப் பொறுக்காமல் பாப்பாத்தி அக்கா போரில் குதித்தாள். அவள்தான் எங்கள் மகளிர் சங்கத் தலைவி. தொண்டைக்கு மைக் தேவைப்படாத பிறவி.

"அங்க பனியில நம்ம புள்ளைங்க வெறைச்சுக் கெடக்குதுங்க. நாம இங்க குந்திக்கிட்டு வேடிக்கை பாக்குறோம். ஸ்வெட்டர் பின்னி அனுப்புவோம்டி!"

தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற வெயில் அது. ஸ்வெட்டர் என்ற பொருளை எங்களில் பாதிப் பேர் சினிமா டூயட்டில்தான் பார்த்திருந்தோம். பாப்பாத்தி அக்கா திருச்சிக்குப் போய் ஒரு மூட்டை உல்லன் நூலோடு வந்து இறங்கினாள். வாசலில் தொங்கவிடும் பொம்மை செய்வதற்கான நூல். ரோஸும் கிளிப்பச்சையும் மட்டும்.

"அக்கா, இதப் போட்டுக்கிட்டு நின்னா எதிரிக்குத் தூரத்துலயே தெரிஞ்சிடுமே" என்றேன்.

"தெரியட்டுமே. எத்தினி பேரு நிக்கிறாங்கன்னு பாத்துட்டுப் பயந்து ஓடுவான்."

பின்னுவதற்கு ஊசி இல்லை. சைக்கிள் கடையில் கெஞ்சி ஸ்போக்ஸ் கம்பி வாங்கி வந்தோம். கம்பியை நூலுக்குள் விட்டபிறகு என்ன செய்ய வேண்டும் என்பது ஒருத்திக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஆளுக்கொரு பக்கம் குத்திப் பார்த்துவிட்டு, அந்தக் கம்பிகளை முதுகு சொறிய வைத்துக்கொண்டோம். நூலின் பிசிறு வேர்வையில் ஒட்டி எல்லோருக்கும் முதுகு அரித்தது. எங்கள் வீட்டுக் குழம்பில்கூட ரோஸ் நூல் மிதந்தது. கடைசியில் மலர்க்கொடி அக்காதான் சொன்னாள், தெரிந்த வேலையைச் செய்வோம் என்று. எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது வயர் கூடை. வயருக்குப் பதில் நூலை நாலாக முறுக்கி, அதே சிவன் கண் முடிச்சு.

அடுத்த சிக்கல் அளவு. பட்டாளத்துக்காரர் மார்பு எவ்வளவு இருக்கும்? எல்லோரும் மலர்க்கொடி அக்காவைப் பார்த்தோம். அவள் கொஞ்சம் யோசித்தாள். எழுந்து போய், பூத்துக்கு எதிரே நின்ற வேப்பமரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். கண்ணை மூடி, கையை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தாள்.

"இம்புட்டுதான் இருப்பாரு. மரம் ஒரு விரக்கடை பெருசு."

பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாப்பாத்தி அக்கா கலங்குகிற ஆள் இல்லை. உடனே கயிறு போட்டு மரத்தை அளந்தாள். அத்துடன் பாரத நாட்டுச் சிப்பாய்கள் அத்தனை பேரும் அந்த வேப்பமரத்தின் அளவு என்று முடிவாயிற்று.

முதல் ஸ்வெட்டர் முடிந்தது. பாப்பாத்தி அக்காவின் கணவர் லாரி டிரைவர். எறையூர் சர்க்கரை ஆலையில் அரவை முடிந்து, கரும்பு ஓட்டாமல் வீட்டில் சும்மா தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் கூட்டி வந்தோம். தலை வழியாக மாட்டப் பார்த்தால், தலை நுழையக் கீழே திறப்பே இல்லை. அப்போதுதான் உறைத்தது. கூடையை எங்கேயிருந்து தொடங்குவோம்? அடியிலிருந்து. தொடங்கிவிட்டோம். அடி போட்டு, சுவர் எழுப்பி, கைப்பிடி வைக்கும் இடத்தில் சட்டைக் கை வைத்து, அழகாக வாய் கட்டியிருந்தோம்.

பாப்பாத்தி அக்கா அசரவில்லை. புருஷனைக் கழுத்து வழியாக உள்ளே இறங்கச் சொன்னாள். மனுஷன் இரண்டு காலையும் உள்ளே விட்டு, கையை மாட்டி, கழுத்து வரை ரோஸ் கலராக நடுத்தெருவில் நின்றார். நாய்கள் குரைத்தன. ஓரடி எடுத்து வைக்க முடியாமல் தவ்வினார்.

"ஏன்டி, இதுல துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு எப்புடிடி ஓடுறது?"

"அவங்க எதுக்கு ஓடணும்? எதிரிதான் ஓடணும். செத்த ஆடாம நில்லுங்க!"

மலர்க்கொடி அக்கா அன்றைக்குத்தான் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மரத்தில் சாய்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பின் நடுவில் பூத்தில் மணி அடித்தது.

நான் ஓடிப் போய் எடுத்தேன். ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு குரல், "குரும்பலூருங்களா? மலர்க்கொடி இருக்காங்களா?"

நான் வெளியே பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன். அக்கா மரத்தைப் பிடித்தபடியே நின்றாள். பாப்பாத்தி அக்கா அவளைத் தள்ளிக்கொண்டு வந்து கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். நாங்கள் வெளியே நின்றோம். கண்ணாடிக்குள் அவள் உதடு அசைவது தெரிந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். லாரி டிரைவர்கூட நடுத்தெருவில் தவ்வாமல், ஆடாமல், வேர்வை சொட்ட அப்படியே நின்றார்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ராஜஸ்தான் பார்டர்ல இருக்காராம். ஒரே மணலாம். வெயிலு மண்டையப் பொளக்குதாம். பனையோல விசிறி அனுப்பச் சொல்றாரு."

பாப்பாத்தி அக்கா ஓவென்று அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, "அப்ப ஸ்வெட்டரு?" என்றாள்.

மலர்க்கொடி அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நூலை எடுத்து முறுக்க ஆரம்பித்தாள். "எவ வூட்டுக்காரராச்சும் மலமேல இருப்பாருல்லக்கா."

எல்லாவற்றுக்கும் அடியை வெட்டி ஓரம் தைத்து, பெரம்பலூரில் சாமான் சேகரித்த இடத்தில் கொடுத்தோம். அங்கிருந்தவர் அவற்றை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார். மலை ஏறினவா என்று தெரியாது.

பூத் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. மலர்க்கொடி அக்கா அரியலூரில் இருக்கிறாள். ஓய்வு பெற்ற வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு சிமெண்டு ஆலையில் காவல் வேலை. என்ன குழம்பு என்று கேட்டு வீடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாராம், இவள் கட் பண்ணுகிறாளாம். அப்படி அலட்சியமாகக் கட் பண்ண முடிகிறதே என்று எனக்குச் சந்தோஷம்தான்.

நான் இப்போது பெரம்பலூர் டவுனில் இருக்கிறேன். சமீபத்தில் எல்லையில் மறுபடி பதற்றம் என்று செய்தி வந்தபோது எங்கள் தெருவில் ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. நானும் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். எல்லாம் அடங்கிய ஒரு காலையில் பால் வாங்கப் போனேன். நாலு வீடு தள்ளியிருக்கும் சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேசிட்டாக்கா. நேத்துதான் பேசுனா. நல்லாருக்காளாம்."

அவள் மகள் பட்டாளத்தில் நர்ஸாக இருக்கிறாள் என்பதும், அத்தனை நாளும் இவள் போனை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள் என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் நான் கேட்டது ஒரே கேள்விதான்.

"யாரு?"